வண்டியோடு போகாத கயிறு

எங்கள் வீட்டில் ஜீப் இருந்தது என்று இப்போது சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பேரப்பிள்ளைகள் "என்ன மாடல்?" என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்த நாளில், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே மருதையாற்றுக்கு இக்கரையில் இருந்த எங்கள் ஊரில், சொந்தமாக மோட்டார் வைத்திருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். அந்த மோட்டாரும் ஆற்று மணலைக் கடந்தது என் கையால். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. தற்பெருமை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்துக்காரர்கள் தங்களுக்கு வேண்டாத வண்டிகளை மெட்ராஸ் பக்கம் ஏலம் விடுகிறார்கள் என்று யாரோ அப்பாவின் காதில் போட்டுவிட்டார்கள். அப்பா ரயிலேறிப் போனார். உழவுக்கு ஒரு ஜோடி மாடு பிடித்துவரப் போவதாகத்தான் வீட்டில் சொல்லியிருந்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம், ஊர் நாய்கள் எல்லாம் குரைத்துக்கொண்டு பின்னால் ஓடிவர, பச்சை நிறத்தில் கூரை இல்லாத ஒரு வண்டியில் வந்து இறங்கினார். அத்தை அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருக்கும்.

"மாடு எங்கடா?" என்று கேட்டாள்.

"இதுக்குள்ள அறுவது குதிர இருக்குதாங்கா" என்றார் அப்பா.

"அறுவதுக்கும் தீனி யாரு போடறது?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அடுத்த மூன்று வருஷமும் அப்பாவால் அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன், கூப்பனுக்குப் பெரம்பலூர், பெரம்பலூர் போகப் பெட்ரோல் என்று அது ஒரு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பட்டாளத்து வண்டியானதால் அதில் எல்லாமே இடவலமாக மாறியிருந்தது. பஸ்ஸில் டிரைவர் உட்காருவது வலதுபக்கம். இதில் ஓட்டுகிறவர் இடதுபக்கம். வலதுபக்கத்து இருக்கை என்னுடையது. எதிரே வருகிற வண்டிக்காரர்கள், டிரைவர் இருக்கவேண்டிய இடத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்குழந்தை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வருவதைப் பார்த்துவிட்டு, மாட்டை ஓரம் கட்டி வரப்பில் ஏற்றிவிடுவார்கள். நான் வேண்டுமென்றேதான் கையைக் கட்டிக்கொள்வேன்.

ரிப்பேரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்த நினைவு முடியாது. வண்டி மாதத்தில் பத்து நாள் ஓடும், இருபது நாள் படுத்துக்கொள்ளும். பெட்ரோல் தொட்டி ஒழுகினால் அப்பா பார் சோப்பைப் பிசைந்து அடைப்பார். விசிறிப் பட்டை அறுந்தபோது அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து முறுக்கிக் கட்டி ஆறு மைல் ஓட்டி வந்தார். வீடு சேர்ந்ததும் அம்மாவிடம் அந்தச் சேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. டியூப் வெடித்த ஒரு நாள் டயருக்குள் வைக்கோலைத் திணித்து ஓட்டினோம். எங்கள் மாடுகள் வண்டியை முகர்ந்துகொண்டே பின்னால் வந்தன. அப்பாவால் முடியாத நோய் வந்தால் அரியலூர் மெக்கானிக்கிடம் போகும். அவர் சண்டையின்போது பட்டாளத்தில் இதே வண்டிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். எங்கள் வண்டியைப் பார்த்ததுமே, "வா ராசா, இந்தத் தரம் எங்க வலிக்குது?" என்றுதான் கேட்பார்.

இத்தனை நோய் இருந்தும் அந்த வண்டியிடம் ஒரு வித்தை இருந்தது. சாதாரண மோட்டாருக்குப் பின்சக்கரம் மட்டும்தான் வேலை செய்யும். இதற்கு முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கியர் கம்பிக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு கம்பிகள் உண்டு. அதில் ஒன்றைப் பின்னால் இழுத்துப் போட்டால் நான்கு சக்கரமும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்துக் கரிசலில் மாட்டுவண்டி சக்கரத்தின் குடம்வரை புதைந்து நிற்கும்போது எங்கள் ஜீப் உறுமிக்கொண்டு ஏறிப் போகும். பிரசவ வலி கண்ட பெண்களையும், பாம்பு கடித்தவர்களையும் ஏற்றிக்கொண்டு அப்பா எத்தனை தடவை ஆற்றைத் தாண்டி அரியலூர் போயிருக்கிறார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. யாரும் கேட்டு அவர் மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

வாங்கிய மறுவருஷம் அந்தக் கம்பி கெட்டுப்போனது. போட்ட இடத்தில் நிற்காமல் முன்னால் எகிறிவிடும். நல்ல ரோட்டில் எகிறினால் ஒன்றுமில்லை. ஆற்று நடுவில் எகிறினால் வண்டி அச்சுவரை மணலில் இறங்கிவிடும். அப்படி இரண்டு தடவை இறங்கி, எங்கள் செவலைக் காளைகளையே பூட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். ரெண்டு மாடு இருந்தால் ஜீப்பு நல்லா ஓடும் என்று ஊரில் ஒரு மாதம் பேசிச் சிரித்தார்கள். மணலில் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டும். கம்பியைப் பிடிக்க அப்பாவுக்கு மூன்றாவது கை இல்லை. அதனால் செவலைக் காளையின் பழைய தலைக்கயிற்றை எடுத்து அந்தக் கம்பியில் கட்டி, மறுமுனையைப் பக்கத்து இருக்கையில் இருக்கிறவர் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்தார்.

முதலில் அந்த வேலை அண்ணனுக்குத்தான் கிடைத்தது. அவனுக்குப் பெட்ரோல் வாசனை ஆகாது. ஆற்றங்கரை வருவதற்குள் காலையில் சாப்பிட்ட கம்பங்கூழ் வெளியே வந்துவிடும். இப்படித்தான் எட்டு வயதில் நான் அந்த வேலைக்கு வந்தேன். கரையில் இறங்கும்போது அப்பா "புடிச்சுக்கம்மா" என்பார். நான் இரண்டு காலையும் முன்தகட்டில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, கயிற்றை மூச்சுப் பிடித்து இழுப்பேன். அக்கரை ஏறியதும் "விட்டுரு" என்பார். கையை விரித்துப் பார்த்தால் கயிற்றுப் புரி உள்ளங்கையில் அப்படியே பதிந்திருக்கும். அதைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். நான் இல்லாவிட்டால் ஜீப் இல்லை என்று அவர்களிடம் சொல்வேன். அதை நான் முழுசாக நம்பினேன்.

அத்தைக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. எனக்கு ஒன்பது முடிந்து பத்து நடக்கும்போது அவள் தினமும் ஆரம்பித்துவிட்டாள். "பொம்பளப் புள்ளைய முன்னால ஒக்கார வச்சுக்கிட்டு ஊர் ஊரா சுத்துறியே, நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேச மாட்டாங்களா? அவளுக்கு ஒல வைக்கத் தெரியல." அப்பா அத்தையை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. இதற்கும் எதிர்த்துப் பேசமாட்டார். தலையைக் குனிந்துகொண்டு, "கயிறு புடிக்க ஆள் வேணுமேக்கா" என்பார். ஆற்று நடுவில் நிற்பதா, பெண்பிள்ளை முன்னால் உட்காருவதா என்று பார்த்தால், அவளுக்கும் அரியலூர் சிவன் கோயிலுக்குப் பிரதோஷத்துக்குப் போகவேண்டியிருந்தது.

அந்த மாசியில் வண்டி மெக்கானிக்கிடம் எட்டு நாள் கிடந்துவிட்டு வந்தது. திரும்பி வந்தபோது கயிறு அவிழ்ந்து பின்பக்கம் சுருண்டு கிடந்தது. இனி எனக்கு வண்டியில் வேலை இருக்காதோ என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவே அதை எடுத்து உதறி, பழையபடி கம்பியில் கட்டினார்.

"இன்னமும் எகிறுதாப்பா?" என்று கேட்டேன்.

"நீ புடிச்சா எகிறாது" என்றார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வருஷம்தான் எனக்குச் சுக்கிர திசை. பங்குனியில் பருத்தி ஏற்றிக்கொண்டு அரியலூர் போனபோது ரயிலடியில் நின்று இஞ்சினைப் பக்கத்தில் பார்த்தேன். வைகாசியில் திருச்சி மலைக்கோட்டைப் படிகளை அப்பாவுக்கு முன்னால் ஏறினேன். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில், வெள்ளைச் சேலை கட்டிய டாக்டரம்மா ஒருத்தி ஆண்களை எல்லாம் வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டியதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஜெயங்கொண்டத்தில் என்னைவிடப் பெரிய பெண்கள் நான்கு பேர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் விட்டுப் போவதைப் பார்த்தேன். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அப்பா வண்டியை எடுக்காமல் நின்றார். வண்டி சூடு ஆறட்டும் என்றார். போகிற வழியில் ஆறோ சேறோ இல்லாத ஊருக்கும் என்னைக் கூட்டிப்போனார். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று அத்தையிடம் சொன்னார். அது கோடை.

அடுத்த சித்திரையில் வண்டியை விற்பது என்று முடிவானது. நான்கு டயரும் வழவழவென்று தேய்ந்துவிட்டன. புது டயர் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. மேலக்காட்டுக் கிணற்றுக்கு ஆயில் இஞ்சின் வைத்தால் மூன்று போகம் எடுக்கலாம் என்று அம்மா முதல் தடவையாக வாய் திறந்து சொன்னாள். அப்பா இரண்டு நாள் வண்டியையே துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மாட்டுத் தரகருக்குச் சொல்லி அனுப்பினார்.

ஜீப்பை விற்க மாட்டுத் தரகர் எதற்கு என்று கேட்கக்கூடாது. எங்கள் பக்கத்தில் நாலு காலில் நிற்கிற எதையும் விற்றுக் கொடுக்க அவர்தான் ஆள். ஒரு புதன்கிழமை காலையில், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தோப்புக்காரர் கனத்த உடம்பு, மெல்லிய குரல். கூடவே வண்டி ஓட்டத் தெரிந்த டிரைவர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். தரகர் ஜீப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து அடியில் பார்த்தார். எழுந்து வந்து பின்பக்கத்தைத் தட்டினார். "சுழி சுத்தமா இருக்குதுங்க. பல்லுதான் எங்கன்னு தெரியல" என்றார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாடு விற்கும்போது அதன் குறையை வாங்குகிறவர் கேட்குமுன் சொல்லிவிடுவார்கள். உதைக்கும் என்றால் உதைக்கும் என்று சொல்லித்தான் விற்பார்கள். இந்த வீட்டு மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கவேண்டாம் என்று சந்தையில் பேச்சு. அப்பா அதேபோல ஜீப்பின் குறைகளை விரல்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். பெட்ரோல் தொட்டியில் சோப்பு வைத்திருப்பது. பிரேக்கை மூன்று தடவை மிதித்தால்தான் பிடிப்பது. ஹாரன் அடிக்காதது. இடதுபக்கத்து விளக்குக்குப் பார்வை போனது. விடிகாலையில் கைப்பிடி போட்டுச் சுற்றினால்தான் இஞ்சின் எழுந்திருப்பது. ஒரு கை விரல்கள் தீர்ந்து அடுத்த கைக்குப் போனார்.

"நல்லது எதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார் தோப்புக்காரர்.

"ஆத்துல நிக்காதுங்க" என்றார் அப்பா. "மத்தது எதுல வேணாலும் நிக்கும். ஆத்துல மட்டும் நிக்காது. எம் பேச்ச நம்பி எடுத்துக்கலாம்."

நான் காத்திருந்தேன். கம்பி எகிறும் என்பதை அவர் சொல்லவில்லை. கடைசியாகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க, ஆத்துல ஒரு நட ஓட்டிக் காட்டறேன்" என்று கிளம்பிவிட்டார். என் இருக்கையில் தோப்புக்காரர் உட்கார்ந்தார். பின்பக்கம் தரகரும் டிரைவரும் ஏறினார்கள். நான் வாசலில் நின்றேன். அப்பா திரும்பிப் பார்த்து, "நீயும் ஏறு, பின்னாலேருந்து புடி" என்றார். கயிறு முன்னாலிருந்து பின்பக்கம்வரை நீளமாக வந்ததைத் தோப்புக்காரர் கவனித்தார்.

"இது என்னங்க கயிறு?"

"அது எம் பொண்ணோடதுங்க" என்றார் அப்பா.

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. சித்திரை மாத மணல் மாவாகக் காய்ந்து கிடந்தது. கரை இறங்கும்போது "புடிச்சுக்கம்மா" என்ற குரல் கேட்டதும் மற்றதெல்லாம் மறந்துபோனது. முன் இருக்கையின் முதுகில் இரண்டு பாதத்தையும் ஊன்றி இழுத்தேன். வண்டி திமிறியது, முனகியது, ஒரு இடத்தில் பின்பக்கம் இறங்கிப் பின் மேலே வந்தது. தரகர் கண்ணை மூடிக்கொண்டு குலசாமியைக் கூப்பிட்டார். நான் கயிற்றை ஒரு விரற்கடைகூடத் தளரவிடவில்லை. அக்கரை ஏறித் திரும்பி, மறுபடி இக்கரை வந்து சேர்ந்தபோது வலது உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. தோப்புக்காரர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். "நிக்கலதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து தரகர் துண்டை விரித்தார். ஒரு தரம் அப்பாவின் கை, ஒரு தரம் தோப்புக்காரரின் கை, துண்டுக்கு அடியில் விரல்கள் பேசிக்கொண்டன. என்ன விலைக்குப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முடிந்ததும், விற்ற மாட்டுக்குத் தண்ணீர் காட்டி அனுப்புவதுபோல அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றினாள். அதில் ஒரு நாளும் ஏறாதவள், ஊற்றிவிட்டு அதன் மூடியைப் புறங்கையால் ஒரு தரம் தடவினாள். அத்தை முன்பக்கத்தில் குங்குமம் வைத்தாள்.

"எல்லாம் சரி" என்றார் தரகர். "மாட்ட வித்தா கயித்த வித்தவங்க வச்சுக்கணும். கயிறு போனா வூட்டு லச்சுமி கூடவே போயிரும். இதுக்கு ஏதுங்க மூக்கணாங்கயிறு?"

அத்தைதான் கையை நீட்டிக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா கம்பியிலிருந்து கயிற்றை அவிழ்த்து, அழகாகச் சுருட்டி என் கையில் கொடுத்தார். தோப்புக்காரரும் தரகரும் ஏறிக்கொள்ள, டிரைவர் வண்டியைக் கிளப்பினார். ஜீப் ஆற்றுப்பக்கம் திரும்பிப் புழுதியில் மறைந்தது. அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

நான் கயிற்றை வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சீக்கிரமே வண்டி ஆற்றில் இறங்கும். கயிறு இல்லை. நடு ஆற்றில் கம்பி எகிறும். தோப்புக்காரர் அச்சுவரை மணலில் உட்கார்ந்துகொண்டு, எம் பேச்சை நம்பி எடுத்துக்கலாம் என்று ஒருத்தர் சொன்னாரே என்று நினைப்பார். தரகர் அதைச் சந்தையில் சொல்வார். கிணற்றடிக்குப் போய் அப்பாவைக் கேட்டிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறந்திருந்தால் நல்லது. மறக்கவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. என் அப்பாவைப் பற்றி அப்படி ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

ஓடினேன். "கயிறு வாசப்படி தாண்டக் கூடாதுடி" என்று அத்தை கத்தியது பின்னால் கேட்டது. வண்டிப்பாதை ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். நான் அறுத்த சோளக்கொல்லைகளுக்குள் குறுக்கே விழுந்து ஓடினேன். காய்ந்த கரிசல் வெடிப்பில் கால் இடறியது, சோளத்தட்டையின் அடிக்கட்டை பாதத்தில் குத்தியது. ஆற்றங்கரையில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் மணலுக்காக டயரில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். தோப்புக்காரர் என் இருக்கையிலிருந்து குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, எதையாச்சும் விட்டுட்டியா?"

கயிற்றை நீட்டினேன். "அப்பா சொல்ல மறந்துட்டாருங்க. அந்தக் கம்பி எகிறிடும். இத வச்சு இழுத்துப் புடிச்சாத்தான் நிக்கும். நான்தான் புடிப்பேன். அப்பா பொய் சொல்ல மாட்டாருங்க, மறந்துட்டாரு."

டிரைவர் எழுந்து வந்தார். கம்பியைப் பின்னால் இழுத்துப் போட்டு ஒரு உலுக்கு உலுக்கினார். இன்னொரு தரமும் உலுக்கினார். "இது நல்லா…" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். தோப்புக்காரர் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். ரத்தம் கன்றிய இடத்தில் புழுதி ஒட்டியிருந்தது.

"நல்லவேள, ஓடியாந்து சொன்ன" என்றார். "சொல்லாட்டி நடு ஆத்துல ஒக்காந்திருப்போம். ஆனா இந்தக் கயிறு எங்களுக்கு ஆகாது. வித்தவங்க வூட்டுக் கயிறு வித்தவங்ககிட்டதான் இருக்கணும். நாங்க எங்க துண்டக் கட்டிப் புடிச்சுக்கறோம்."

தரகரின் துண்டையே வாங்கிக் கம்பியில் கட்டினார்கள். சற்று முன்பு விலை பேசிய அதே துண்டு. தரகர் அதைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்தார். இழுத்துப் பிடிக்கணும், தளர விடக்கூடாது என்று நான் அவருக்கு இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன். "ஆவட்டுங்கம்மா" என்று எனக்கு மரியாதையாகவே பதில் சொன்னார். வண்டி இறங்கி, திமிறி, அக்கரை ஏறிப் போனது. தரகர் துண்டை ஒரு கையால் லேசாகத்தான் பிடித்திருந்தார். பெரியவர்களுக்குக் கையில் பலம் அதிகம் என்று எண்ணிக்கொண்டேன்.

திரும்பினால் அப்பா நின்றுகொண்டிருந்தார். குளித்த ஈரத்தோடு, இடுப்பில் ஈரவேட்டியோடு ஓடிவந்திருந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அவருகிட்ட என்ன சொன்ன?"

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி இரண்டு தரம் வாயைத் திறந்தார். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா, என்ன செய்கிறார் என்று தெரியாதபடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வண்டி போன துக்கம் என்று நான் முடிவு செய்தேன்.

"நல்ல காரியம் பண்ணுன" என்றார் கடைசியில். "எம் பேர காப்பாத்திட்ட."

வீடுவரை என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பத்து வயதுப் பெண்ணை ஊர் நடுவே தூக்கிக்கொண்டு போவதா என்று அத்தை வாசலில் நின்று சத்தம் போட்டாள். என் கையில் கயிறு இருந்ததைப் பார்த்ததும் அடங்கினாள்.

வண்டி போனால் நான் வீட்டோடு கிடப்பேன் என்று அத்தை நினைத்திருந்தாள். ஆனால் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தெருமுனை திரும்பிய அந்த நான்கு பெண்கள் என் தலைக்குள்ளிருந்து போகமாட்டேன் என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தமுடியாது, படிக்கப் போகிறேன் என்று அழுது அடம் பிடித்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டே அத்தையிடம் ஒரு வாரம் பேசினார். நான் படித்து, டீச்சர் வேலைக்கு வந்து, அரியலூரிலேயே பல வருஷம் இருந்தேன். அப்பா நான் வேலையில் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவர் போய் வெகுநாள் கழித்து, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு கிழவர் வந்தார். பேச்சுவாக்கில் நான் என் அப்பா பெயரைச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்தது. அதே மெக்கானிக். நான் ஆற்றங்கரைக் கதையைப் பெருமையோடு சொன்னேன். உள்ளங்கையைக்கூடக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் கம்பிய நான் சரிபண்ணி ஒரு வருசம் ஆயிருந்ததேம்மா" என்றார். "வித்ததுக்கு முந்தின வருச மாசியில. கோலிக்குண்டு மாதிரி ஒரு குண்டு, சின்னதா ஒரு ஸ்பிரிங்கு. புதுசு போட்டேன். கயித்தக் கழட்டிப் பின்னால போட்டேன். உங்கப்பா வந்து, 'புள்ளைக்கு இது தெரிய வேணாம், எங்கக்காவுக்கும் தெரிய வேணாம்'னு சொல்லிட்டுப் போனாரு. எதுக்குன்னு நான் கேக்கல."

எனக்கும் அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. அவர் போனபிறகு மனசுக்குள் மாதங்களை எண்ணிப் பார்த்தேன். ரயிலடி பங்குனி, மலைக்கோட்டை வைகாசி, வெள்ளைச் சேலை டாக்டரம்மா அதே வைகாசி, ஜெயங்கொண்டத்து நான்கு பெண்கள் அதற்கும் பிறகு. எல்லாமே அந்த மாசிக்கு அப்புறம். தானாகவே நின்ற ஒரு கம்பியைக் கை உரிய உரிய இழுத்துப் பிடித்தபடி நான் அத்தனை ஊரையும் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அப்பா தோப்புக்காரரிடம் எந்தக் குறையையும் மறைக்கவில்லை. கயிற்றைப் பற்றிக் கேட்டபோதும் உள்ளதைத்தான் சொன்னார், அது எம் பொண்ணோடதுங்க என்று.